வீட்டிலிருந்தே ஆங்கிலம்: நடுவில் நிற்கும் சின்னச் சொல்



சென்ற மாதம் 'ஐ' எப்போது 'மீ' ஆகும், 'ஹீ' எப்போது 'ஹிம்' ஆகும் என்று பார்த்தோம். செய்கிறவர் என்றால் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. செயல் யார்மேல் போய் விழுகிறதோ அவர் என்றால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். 'யூ'வும் 'இட்'டும் எங்கே நின்றாலும் மாறுவதில்லை. பாடம் எளிதாக இருந்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். ஆனால் எருக்கலம்பிட்டியைச் சொந்த ஊராகக் கொண்டு புத்தளத்தில் வாழும் ஒரு சகோதரி மட்டும் விடவில்லை. "மகனுடைய புத்தகத்தில் 'ஷீ டோல்ட் மீ டு கம்' என்று இருக்கிறது. வரப்போவது நான்தானே? செய்கிறவர் நான் என்றால் 'ஐ' அல்லவா வர வேண்டும்? 'மீ' எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

இப்படிக் கேட்கிறவர்களுக்குத்தான் ஆங்கிலம் சீக்கிரம் வரும். ஆங்கில எழுத்தில் பழக்கமில்லாதவர்களும் கூடவே படித்துக்கொண்டு வர வேண்டும் என்பதால், வழக்கம்போல ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

சகோதரியின் கேள்விக்கு விடை நம்முடைய வாயிலேயே இருக்கிறது. அதே செய்தியை அடுப்படியில் நின்று தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "ராத்தா என்னை வரச் சொன்னா" என்பீர்கள். "ராத்தா நான் வரச் சொன்னா" என்று யாராவது சொல்வார்களா? வரப்போவது நான்தான். ஆனாலும் 'நான்' அங்கே வரவில்லை, 'என்னை' வந்து நிற்கிறது. ஏன்? 'சொன்னா' என்ற வினை அந்த 'நானை'ப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து 'என்னை' ஆக்கிவிட்டது. ஆங்கிலத்திலும் நடப்பது இதுதான். 'டோல்ட்' பிடித்து இழுத்ததால் 'ஐ', 'மீ' ஆயிற்று.

ஆக, நடுவில் நிற்கும் இந்தச் சின்னச் சொல்லுக்கு இரண்டு எசமானர்கள். முன்னால் இருக்கும் வினை அதற்கு உருவம் கொடுக்கிறது. பின்னால் இருக்கும் வினை அதனிடம் வேலை வாங்குகிறது. 'எல்லா வீட்டு மருமகளும் இப்படித்தானே' என்று சில சகோதரிகள் இங்கே சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

இனி, சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள். என்னை என்பது 'மீ'. வர என்பது 'டு கம்'. சொன்னாள் என்பது 'டோல்ட்'. வர, போக, எழுத, சாப்பிட, தூங்க என்று தமிழில் 'அ' என்ற ஓசையில் முடிந்து வேறொரு வினைக்காகக் காத்து நிற்கும் சொற்கள் இருக்கின்றன அல்லவா? 'செய என்னும் எச்சம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குத்தான் 'டு கம், டு கோ, டு ரைட், டு ஈட், டு ஸ்லீப்' வருகின்றன. நேற்று வரச் சொன்னாலும் நாளை வரச் சொன்னாலும் தமிழில் 'வர' மாறாதது போல, ஆங்கிலத்திலும் 'டு கம்' மாறாது. 'டு கேம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. வரிசை மட்டும் தலைகீழ். நாம் 'என்னை, வர, சொன்னாள்' என்கிறோம். அவர்கள் 'சொன்னாள், என்னை, வர' என்கிறார்கள். வினை, சின்னச் சொல், 'டு'வோடு இன்னொரு வினை. இந்த மூன்று கல்லை இந்த வரிசையில் வைத்துவிட்டால் அடுப்பு நின்றுவிடும்.

"ஐ ஆஸ்க்ட் ஹிம் டு பை ரைஸ்." அவரை அரிசி வாங்கச் சொல்லிக் கேட்டேன். "தி டொக்டர் அட்வைஸ்ட் ஹெர் டு ரெஸ்ட்." டொக்டர் அவளை ஓய்வெடுக்கச் சொன்னார். "ஷீ ஹெல்ப்ட் தெம் டு குக்." அவள் அவர்களுக்குச் சமைக்க உதவினாள். ஹெல்ப்புக்குப் பிறகு 'டு' இருந்தாலும் சரி, விட்டுவிட்டு 'ஹெல்ப்ட் தெம் குக்' என்றாலும் சரி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'சொல்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸே' என்றும் 'டெல்' என்றும் இரண்டு சொல் உண்டு. இந்த அடுப்பில் 'டெல்' மட்டும்தான் உட்காரும். "ஷீ செட் மீ டு கம்" என்பது தவறு. ரியூஷன் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள்கூட இதைத் தாராளமாக எழுதுகிறார்கள். 'சஜெஸ்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். "ஹீ சஜெஸ்டட் மீ டு கோ" என்று எழுதக் கூடாது. 'அட்வைஸ்ட் மீ டு கோ' என்று மாற்றிக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது 'வான்ட்'. நம் மன்னார்ப் பேச்சில் "அவர் வரோணும்" என்கிறோம். இதற்கு எத்தனை பொருள் என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தீர்களா? அவர் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமாக இருக்கலாம். அவர் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாகவும் இருக்கலாம். "அவருக்கு வரோணும்" என்று 'கு' சேர்த்துவிட்டால் ஆசை அவருடையதாகிவிடும். பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் முகத்தைப் பார்க்காது. ஆசைப்படுகிறவர் யார், செய்யப்போகிறவர் யார் என்று இரண்டு பேரையும் தனித்தனியே நிறுத்தச் சொல்லும். கட்டாயம் என்றால் "ஹீ மஸ்ட் கம்." அவருக்கே ஆசை என்றால் "ஹீ வான்ட்ஸ் டு கம்." ஆசை எனக்கு, வருவது அவர் என்றால் "ஐ வான்ட் ஹிம் டு கம்."

நம்மவர்கள் இந்த மூன்றாவதை "ஐ வான்ட் தட் ஹீ ஷுட் கம்" என்று எழுதுவார்கள். 'வர வேண்டும் என்று' என்பதை அப்படியே பெயர்த்து எழுதுவதால் வரும் வினை அது. அரபி படித்த சகோதரிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். அரபியில் 'உரீதுஹு அன் யத்ஹப' என்றால், அவனை விரும்புகிறேன், அவன் போக வேண்டும் என்று, என்பது போல அமையும். அங்கே 'அன்' என்பதற்குப் பிறகு வரும் வினை ஆளுக்கேற்றபடி மாறும். நான் போக வேண்டும் என்றால் 'அத்ஹப', அவன் போக வேண்டும் என்றால் 'யத்ஹப'. ஆங்கிலத்தில் 'டு கோ' யாருக்காகவும் மாறாது. ஆளைக் காட்டுவது நடுவில் நிற்கும் சின்னச் சொல் ஒன்றுதான். 'வான்ட்'டைப் பார்த்து 'ஹோப்'பையும் இதே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். "ஐ ஹோப் யூ டு கம்" தவறு. "ஐ ஹோப் யூ வில் கம்" என்று சொல்ல வேண்டும்.

இப்போது அந்தச் சின்னச் சொல்லைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம். "ஐ வான்ட் ஹெர் டு ஹெல்ப்." அவள் உதவ வேண்டும் என்று விரும்புகிறேன். "ஐ வான்ட் டு ஹெல்ப் ஹெர்." அவளுக்கு உதவ விரும்புகிறேன். அதே ஐந்து சொற்கள்தான். 'ஹெர்' இடம் மாறியது, உதவுகிறவரும் உதவி பெறுகிறவரும் மாறிவிட்டார்கள்! தமிழில் 'அவளுக்கு' என்பதை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் பொருள் அப்படியேதான் இருக்கும். 'கு' என்ற உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் காவல் நிற்பது இடம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுடைய முதலாளிக்கு ஒரு தாய் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐ வான்ட் யூ டு பே ஹிம்" என்றால் நீங்கள் அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பொருள். கைதவறி "ஐ வான்ட் டு பே யூ" என்று எழுதிவிட்டால் முதலாளிக்கு ஒரே சந்தோஷம்தான்.

இடம் மாறினால் இப்படி. அந்தச் சொல் விடுபட்டே போனால்? "தே வான்டட் அஸ் டு லீவ்." நாங்கள் போக வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். 'அஸ்' என்பதை எடுத்துவிடுங்கள். "தே வான்டட் டு லீவ்." அவர்களுக்கே போக வேண்டும் என்று ஆசை. அனுப்பியவர்களே போகிறவர்களாக ஆகிவிட்டார்கள். இதை மற்றவர் எழுதும்போது இன்னும் விபரீதம். எங்களைப் பற்றி யாரோ "தே வான்டட் டு லீவ்" என்று எழுதினால், நாங்களாகவே விரும்பி மூட்டை கட்டினோம் என்று ஆகிவிடும். தமிழிலும் 'அஸ்' இரண்டெழுத்து, ஆங்கிலத்திலும் இரண்டெழுத்து. ஆனால் ஒரு ஊரின் வரலாறு அதில் தொங்குகிறது.

எந்த ஊர் என்று மன்னார்ச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இடங்களில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலும் எதிரே உள்ள கரையோரத்திலும் வாழ்ந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று ஊர் ஊராக வீடுகள் காலியாயின. சில உடுப்புப் பைகள், சொற்பக் காசு தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பலர் படகேறிக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் மன்னார் மாவட்டத்தவர்தான் அதிகம். 2009இல் போர் முடிந்த பிறகுதான் பலருக்குத் திரும்பி வருவதைப் பற்றி நினைக்கவே முடிந்தது.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்லும் வாசகம் ஒன்றே ஒன்று: "எங்களைப் போகச் சொன்னாங்க." தமிழில் கேட்கிற நமக்கு அந்த 'சொன்னாங்க' எப்படிப்பட்டது என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நான்கு ஐந்து சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். "தே ஆஸ்க்ட் அஸ் டு லீவ்" என்றால் தயவாகக் கேட்டுக்கொண்டார்கள் என்ற தோரணை. விருந்தாளியிடம் பேசுவது போல! "தே டோல்ட் அஸ் டு லீவ்" என்றால் சொன்னார்கள், அவ்வளவுதான். "தே ஓர்டர்ட் அஸ் டு லீவ்" என்றால் உத்தரவு. "தே ஃபோர்ஸ்ட் அஸ் டு லீவ்" என்றால் வேறு வழி இல்லாமல் செய்துவிட்டார்கள். நடுவில் நிற்கும் 'அஸ்' எல்லாவற்றிலும் ஒன்றுதான். பின்னால் உள்ள 'டு லீவ்'வும் ஒன்றுதான். முன்னால் உள்ள வினையில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு அல்ல. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வடக்கு முஸ்லிம்களும் சாட்சியம் சொன்னார்கள். வாய் திறந்தது தமிழில். வெளிநாட்டவர் படிப்பது ஆங்கிலத்தில். உங்கள் வார்த்தையை யாராவது ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஆஸ்க்ட்' என்று எழுதினாரா, 'ஃபோர்ஸ்ட்' என்று எழுதினாரா என்று எட்டிப் பார்க்கிற அளவுக்காவது நமக்கு ஆங்கிலம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் "வீ வேர் ஃபோர்ஸ்ட் டு லீவ்" ஆகும். நாங்கள் போகும்படி பலவந்தப்படுத்தப்பட்டோம். இப்போது 'அஸ்' முன்னால் வந்து 'வீ' ஆகிவிட்டது. ஏனென்றால் அதை இழுத்துப் பிடிக்க முன்னால் வினை இல்லை. ஆனால் பலவந்தப்படுத்தியவர் யார்? காணோம்! அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இந்த வாக்கிய அமைப்பு மிகவும் பிடிக்கும். 1998இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளில், இடம்பெயர்ந்தவர் யார் என்று சொல்லுமிடத்திலும் இதே அமைப்புத்தான். ஓடும்படியோ வீட்டை விட்டுப் போகும்படியோ 'ஃபோர்ஸ்ட்' செய்யப்பட்டவர்கள் என்று வருகிறது. அது உலகம் முழுவதற்கும் பொதுவான விளக்கம். அங்கே யார் செய்தார் என்று எழுத முடியாது. ஆனால் உங்கள் சொந்தக் கதையை எழுதும்போது ஆளை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. 'தே' என்று தொடங்குங்கள், அல்லது பெயரையே எழுதுங்கள்.

சரி, அடுத்த வகைக்கு வருவோம். தமிழில் 'போகச் சொன்னேன்' என்பது போல 'போக விட்டேன்', 'போக வைத்தேன்' என்றும் சொல்கிறோம் அல்லவா? விடுவது 'லெட்'. வைப்பது 'மேக்'. இந்த இரண்டுக்கும் ஒரு தனிச் சலுகை: பின்னால் 'டு' வராது. "ஐ லெட் ஹெர் கோ." அவளைப் போக விட்டேன். "ஹீ மேட் மீ க்ரை." அவர் என்னை அழ வைத்தார். 'ஸீ', 'ஹியர்' ஆகிய கண், காது வினைகளுக்கும் அதே சலுகை. "ஐ ஸா தெம் கோ." அவர்கள் போவதைப் பார்த்தேன். ஆனால் 'மேக்' உள்ள வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் ஒளிந்திருந்த 'டு' வெளியே வந்துவிடும். "தே மேட் அஸ் லீவ்." "வீ வேர் மேட் டு லீவ்." ஏன் என்று கேட்காதீர்கள். பழக்கம் அப்படி. 'லெட்' என்பதை அப்படித் திருப்பிப் போடுவது வழக்கமில்லை. அந்த இடத்தில் 'வீ வேர் அலவ்ட் டு கோ' என்று 'அலவ்' வந்து உதவி செய்யும்.

'லெட்' வாக்கியத்துக்கு நம் கரையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கீழக்கரையிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வந்தார்கள். வெறும் மணல்வெளி சில வாரங்களுக்கு ஒரு பட்டணமாகிவிடும். எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. "தே லெட் தெம் கீப் ஒன் தேர்ட்." அவர்கள் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொள்ள விட்டார்கள். 'தே' என்றால் துரைமார், 'தெம்' என்றால் கடலுக்குள் மூச்சடக்கிப் போனவர்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தார். மூழ்கியவன் கையில் மூன்றில் ஒன்று என்பதை 'லெட்' என்று சொல்வதா, 'தே மேட் தெம் கிவ் டூ தேர்ட்ஸ்', கொடுக்க வைத்தார்கள், என்று சொல்வதா? இரண்டும் இலக்கணப்படி சரி. நான் இரண்டாவதைத்தான் எழுதுவேன்.

'லெட்' பக்கத்தில் 'அஸ்' வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நம் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'அஸ்'தான். பாவம், அவ்வளவு பெரிய மொழிக்கு இந்தச் சின்ன வசதி இல்லை! அதனால் "லெட் அஸ் கோ" என்பதற்கு 'நாம் போவோம் வாருங்கள்' என்றும் பொருள், 'எங்களைப் போக விடுங்கள்' என்றும் பொருள். போர்க்காலத்தில் மன்னாருக்குப் பயணம் செய்தவர்களுக்கு மதவாச்சிச் சோதனைச்சாவடி மறந்திருக்காது. மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, சோதனை முடிந்துதான் மேலே போக வேண்டும். அங்கே நின்று ஒரு தாய் "ப்ளீஸ் லெட் அஸ் கோ" என்றால் அது எங்களைப் போக விடுங்கள். அதையே சுருக்கி "லெட்ஸ் கோ" என்று சொல்லிவிட்டால், வாருங்கள் நாம் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று சிப்பாயை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டதாகிவிடும். 'லெட்ஸ்' என்ற சுருக்கம் 'நாம்' என்பதற்கு மட்டும்தான். 'நாங்கள்' என்றால் 'லெட் அஸ்' என்று பிரித்தே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 'அலவ் அஸ் டு கோ' என்று சொல்லிவிடுங்கள், அதில் குழப்பமே வராது.

இல்லை என்பதையும் வேண்டாம் என்பதையும் எங்கே வைப்பது? 'நாட்' என்பது 'டு'வுக்கு முன்னால் நின்றால் பின்வினையை மறுக்கும். "ஷீ டோல்ட் மீ நாட் டு கோ." போக வேண்டாம் என்று சொன்னாள். முன்வினையோடு சேர்ந்தால் முன்வினையை மறுக்கும். "ஷீ டிட் நாட் டெல் மீ டு கோ." அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நிற்கும்போது இந்த வேறுபாடு தெரிந்தால், யார்மேல் குற்றம் என்று உடனே பிடித்துவிடலாம்.

நம்மவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது. 'எனக்கு வரக் கஷ்டம்' என்று சொல்ல நினைத்து "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்" என்கிறார்கள். இது ஆங்கிலமே இல்லை. கேட்கிறவர் காதில் விழுவது, 'நான் ஒரு சிக்கலான ஆள்' என்பதுதான்! எனக்கு என்பதில் உள்ள 'கு' ஆங்கிலத்தில் 'ஃபார்' ஆகிறது. கஷ்டம் என்பது ஆளிடம் இல்லை, வருவதில் இருக்கிறது. அதனால் முதலில் 'இட் இஸ் டிஃபிகல்ட்' என்று கஷ்டத்தை வைத்துவிட்டு, பிறகு 'ஃபார் மீ', பிறகு 'டு கம்'. "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்." "இட் இஸ் ஈஸி ஃபார் ஹெர் டு லேர்ன்." அவளுக்குப் படிக்க எளிது. "இட் இஸ் டைம் ஃபார் தெம் டு ஸ்லீப்." அவர்களுக்குத் தூங்க நேரமாகிவிட்டது. இங்கேயும் 'மீ, ஹெர், தெம்' என்ற உருவம்தான், பார்த்தீர்களா? இழுத்துப் பிடிப்பது இந்த முறை 'ஃபார்'.

கடிதத்துக்கு வருவோம். 1987இல் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் தமிழிலேயே எழுத நமக்கு உரிமை இருக்கிறது, எழுதுங்கள். ஆனால் தூதரகம், வெளிநாட்டு நிறுவனம், கொழும்பில் இருக்கும் அலுவலகம் என்றால் ஆங்கிலம்தான் ஓடுகிறது. முசலிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2017இல் மரிச்சுக்கட்டிப் பகுதிக் காணிகள் மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானியில் வந்தபோது, எத்தனை மனுக்கள், எத்தனை கடிதங்கள்! அப்படி ஒரு கடிதத்தில் "ஐ வான்ட் யூ டு கிவ் அவர் லேண்ட்" என்று எழுதினால் இலக்கணம் சரி, மரியாதை போதாது. உத்தியோகத்தரிடம் 'ஐ வான்ட் யூ' என்பது, பெரியவர் ஒருவரை விரல் நீட்டி ஏவுவது போல. "ஐ வுட் லைக் யூ டு விசிட் தி லேண்ட்" என்றால் கொஞ்சம் மென்மை. "வீ ரிக்வெஸ்ட் யூ டு அலவ் அஸ் டு கல்டிவேட் தி லேண்ட்" என்றால் முழு மரியாதை. இந்தக் கடைசி வாக்கியத்தில் அடுப்புக்கு மேல் அடுப்பு இருக்கிறது. ரிக்வெஸ்ட், யூ, டு அலவ்: ஒரு அடுப்பு. அலவ், அஸ், டு கல்டிவேட்: இன்னொன்று. அனுமதிப்பது யூ, பயிர் செய்வது அஸ். எவ்வளவு நீண்டாலும் விதி ஒன்றுதான்.

கணவரையும் சேர்த்து எழுதும்போது பெரிய படிப்புப் படித்தவர்களும் "அலவ் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ டு ரிட்டர்ன்" என்று எழுதிவிடுகிறார்கள். 'ஐ' என்பது மரியாதையான உருவம் என்று ஒரு நினைப்பு. கணவரை ஒரு நிமிடம் ஓரமாக உட்கார வையுங்கள். "அலவ் ஐ டு ரிட்டர்ன்" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆகவே "மை ஹஸ்பண்ட் அண்ட் மீ." பிறகு, நாம் மரியாதைக்கு 'அவர்' என்று சொல்வது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் மாமாவுக்கு 'ஹிம்', மாமிக்கு 'ஹெர்'. மாமியை 'ஹிம்' ஆக்கிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

விதி என்றால் விலக்கும் இருக்கும் அல்லவா? 'ப்ராமிஸ்' என்ற ஒரு சொல் மட்டும் ஊரோடு ஒத்துப்போகாது. "ஹீ டோல்ட் ஹெர் டு ரைட்" என்றால் எழுத வேண்டியது அவள். "ஹீ ப்ராமிஸ்ட் ஹெர் டு ரைட்" என்றால் எழுத வேண்டியது அவர்! நடுவில் 'ஹெர்' நின்றும் வேலை அவளுக்கு இல்லை. வாக்குக் கொடுத்தவர்தான் நிறைவேற்ற வேண்டும். விமானமேறும்போது வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிற மாப்பிள்ளைமார்களுக்கு இந்த இலக்கணத்தை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

அடுத்த மாதத்துக்குள் இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். உம்மா என்னைத் தைக்கச் சொன்னார். அவருக்கு மன்னாருக்குத் திரும்ப ஆசை. அவர் மன்னாருக்குத் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளைகளை விளையாட விடுங்கள். எங்களைப் போக வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். அவளுக்கு ஆங்கிலம் பேசக் கஷ்டம் இல்லை. கடைசியாக, புத்தளத்துச் சகோதரிக்கு மட்டும் ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியம்மாவிடம் 1990ஐப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டு, அவர் சொல்வது 'ஆஸ்க்ட்'டா, 'டோல்ட்'டா, 'மேட்'டா, 'ஃபோர்ஸ்ட்'டா என்று அவரிடமே விளக்கிக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.